‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று சொல்வது யார்? கும்மிடிப்பூண்டியில் ஒரு போனை நெட்வொர்க் தேடும் கதை

எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டது.

இன்றைக்கு நாம பேசப்போறது, நிறைய வீடுகளில் சண்டையைக் கிளப்பிய இரண்டு அறிவிப்புகளைப் பற்றி. ஒன்று, நீங்க கூப்பிட்டவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்பது. இன்னொன்று, அவருடைய போன் ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது என்பது.

முதலாவதைக் கேட்டால், "சரி, டவர் கிடைக்கலை போல" என்று விட்டுவிடுவோம். இரண்டாவதைக் கேட்டால் மனசு வேற பக்கம் போகும். "ஏன் போனை ஆஃப் பண்ணி வச்சே? என்ன மறைக்கிறே?" கூப்பிட்டது லேபர் கான்ட்ராக்டர் என்றால் இன்னும் மோசம். "ஆளு வேலைக்கு வர மாட்டான்" என்று முடிவு பண்ணி, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். ஒரு நாள் கூலி போச்சு.

ஆனா அந்த அறிவிப்பைச் சொல்லும் மெஷினுக்கு உண்மையில் என்ன தெரியும்? அது தெரிஞ்சா பல சண்டைகள் மிச்சமாகும். அதை விளக்க கும்மிடிப்பூண்டியை எடுத்துக்கிறேன். காரணம், இந்த விஷயத்தில் வரக்கூடிய எல்லாச் சிக்கலும் அந்த ஒரே ஊரில் இருக்கு. தகரக் கூரை போட்ட தொழிற்சாலைகள், பீகார், ஒடிசா என்று பல மாநில சிம்கார்டோடு வந்த தொழிலாளர்கள், கூட்டமான மின்சார ரயில், பக்கத்திலேயே ஆந்திர எல்லை.

நெட்வொர்க்குக்கு உங்க தெரு தெரியாது

முதல்ல ஒரு தவறான எண்ணத்தைக் கழட்டி வச்சுடலாம். நம்ம போன் எந்த டவருக்குக் கீழே இருக்கு என்று நெட்வொர்க்குக்கு நொடிக்கு நொடி தெரியும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. நீங்க பேசும்போதும், டேட்டா ஓடும்போதும் தெரியும். போன் சும்மா பாக்கெட்டில் கிடக்கும்போது, எந்த டவர் என்று நெட்வொர்க்குக்குத் தெரியாது. எந்த வட்டாரம் என்று மட்டும்தான் தெரியும்.

பல டவர்களைச் சேர்த்து ஒரு வட்டாரமாகக் கட்டியிருப்பார்கள். 2ஜியில் அதற்கு லொகேஷன் ஏரியா என்று பெயர். 4ஜியிலும் 5ஜியிலும் டிராக்கிங் ஏரியா. ஒவ்வொரு டவரும் "நான் இந்த வட்டாரத்தைச் சேர்ந்தவன்" என்று ஒரு எண்ணை ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். உங்க போன் அதை அமைதியாகக் கேட்டுக்கொண்டே வரும். ஒரே வட்டாரத்துக்குள்ளே பத்து டவர் மாறினாலும் வாயைத் திறக்காது. புது வட்டாரத்தின் எண் காதில் விழுந்தால்தான், "நான் இப்போ இங்கே வந்திருக்கேன்" என்று ஒரு செய்தி அனுப்பும். இதுதான் லொகேஷன் அப்டேட்.

பழைய காலத்துக் கிராமம் மாதிரி நினைச்சுக்கோங்க. ஊருக்குள்ளே எந்தத் தெருவுக்குப் போனாலும் யாரிடமும் சொல்ல வேண்டாம். ஊர் எல்லையைத் தாண்டினால் மட்டும் புது ஊரில் பேர் கொடுக்கணும். உங்களைத் தேடி யாராவது வந்தால், அந்த ஊர் முழுக்கத் தண்டோரா போடுவார்கள். நீங்க எந்தத் தெருவில் இருந்தாலும் காதில் விழும், ஓடி வருவீங்க.

நெட்வொர்க் போடுகிற தண்டோராவுக்குப் பெயர் பேஜிங். உங்களுக்கு ஒரு கால் வந்தால், நீங்க கடைசியாகப் பேர் கொடுத்த வட்டாரத்தில் டவர்கள் உங்களைக் கூப்பிடும். அதுவும் உங்க நம்பரைச் சொல்லிக் கூப்பிடாது. யாராவது ஒட்டுக் கேட்டால் நீங்க அங்கே இருப்பது தெரிஞ்சுடும் இல்லையா? அதனால் நெட்வொர்க் உங்களுக்குக் கொடுத்த தற்காலிக எண்ணைச் சொல்லிக் கூப்பிடும். உங்க போன் தூங்கிக்கொண்டே இருந்தாலும், ஓரிரு வினாடிக்கு ஒரு தடவை கண் திறந்து, "நம்மளைக் கூப்பிட்டாங்களா?" என்று பார்த்துவிட்டு மறுபடி தூங்கும். உங்க பேட்டரி ஒரு நாள் தாங்குவதற்கு இந்தத் தூக்கம் ஒரு முக்கியக் காரணம்.

மூர் மார்க்கெட்டில் இருந்து கிளம்பும் ரயில்

இப்போ ஒரு கேள்வி. ஊர் எவ்வளவு பெரிசா இருக்கணும்?

திருவள்ளூர் மாவட்டம் முழுக்க ஒரே வட்டாரம் என்று வச்சுக்கலாம். உங்க போன் அப்டேட் அனுப்பவே வேண்டாம், பேட்டரி மிச்சம். ஆனா உங்களுக்கு வரும் ஒவ்வொரு காலுக்கும் திருத்தணியில் இருந்து பழவேற்காடு வரைக்கும் எல்லா டவரும் தண்டோரா போடணும். லட்சக்கணக்கான போன்களுக்கு இப்படிப் போட்டால் பேஜிங் சேனல் நிரம்பிவிடும். சிலருடைய அழைப்பு காணாமலே போகும்.

சரி, ஒவ்வொரு டவரையும் தனி ஊராக ஆக்கிட்டா? தேடுவது சுலபம். ஆனா நீங்க நகர்ந்தால் போதும், போன் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். சென்னை சென்ட்ரல் மூர் மார்க்கெட் வளாகத்தில் இருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலை யோசிச்சுப் பாருங்க. மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று போகுது. காலையில் ஷிஃப்டுக்குப் போகும் கூட்டம். ஒரு வட்டாரத்தின் எல்லையை ரயில் தாண்டினால், உள்ளே இருக்கும் அத்தனை போன்களும் சில வினாடிகளுக்குள் "நான் வந்துட்டேன், நான் வந்துட்டேன்" என்று கத்தும். அந்த நேரத்தில் அந்த டவர் மேல் விழும் சுமை சாதாரணமில்லை.

அதனால் நெட்வொர்க் திட்டமிடும் இன்ஜினியர்கள் கூட்டமான ஸ்டேஷன் நடுவில் எல்லைக்கோடு விழாமல் பார்த்துக்கொள்வார்கள். நெடுஞ்சாலை ஓரமாகவே கோடு ஓடினால் அதைவிடத் தொல்லை. சாலையில் போகிறவர்களின் போன் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று மாறி மாறிப் பேர் கொடுக்கும். 4ஜியில் இதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு போனுக்கும் ஒரே வட்டாரத்தைத் தராமல், 16 வட்டாரங்கள் வரை கொண்ட பட்டியலைத் தரலாம். அந்தப் பட்டியலுக்குள் எங்கே போனாலும் அப்டேட் தேவையில்லை. ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேருக்கு வேற வேற பட்டியல் கொடுத்தால், எல்லாரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கத்துவதும் குறையும்.

தகரக் கூரைக்குக் கீழே

இப்போ நம்ம சண்டைக்கு வருவோம். சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகளும் ரோலிங் மில்களும் நிறைய. சுற்றிலும் உலோகத் தகடு, மேலே தகரக் கூரை. ரேடியோ அலைக்கு உலோகம் என்றால் சுவர்தான். ஒருத்தர் ராத்திரி பத்து மணிக்கு ஷெட்டுக்குள்ளே போகிறார், போனில் சிக்னல் செத்துப்போகுது என்று வச்சுக்கோங்க.

நீங்க போனை முறையாக ஆஃப் பண்ணினால், அணையும் முன்னால் அது நெட்வொர்க்குக்கு ஒரு "போய்ட்டு வர்றேன்" சொல்லும். டிடாச் என்று பெயர். ஃபிளைட் மோட் போட்டாலும் அப்படித்தான். நெட்வொர்க் உடனே கணக்கில் குறிச்சுக்கும். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் தேடவே தேடாது.

ஷெட்டுக்குள்ளே போனவருடைய போன் அப்படிச் சொல்லவில்லை. சொல்ல முடியாமல் அறுந்துபோச்சு. அதனால் நெட்வொர்க் என்ன நினைக்கும்? ஆள் இன்னும் ஊருக்குள்ளேதான் இருக்கார் என்று நினைக்கும். பத்தேகாலுக்கு வீட்டில் இருந்து கூப்பிட்டால், தண்டோரா போடும். பதில் வராது. மறுபடி போடும். அப்புறம்தான் "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்று சொல்லும். அந்த அறிவிப்புக்கு முன்னால் சில வினாடி கனத்த அமைதி இருக்குமே, அந்த நேரத்தில்தான் தேடல் நடக்குது.

ஆனா நெட்வொர்க் எவ்வளவு நேரம் இப்படி நம்பிக்கொண்டே இருக்கும்? அதற்காகத்தான் இன்னொரு விதி. நகராமல் ஒரே இடத்தில் இருந்தாலும், குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை போன் "நான் உயிரோட இருக்கேன்" என்று சொல்லியாகணும். 4ஜி தர விதிகளில் இதற்கான இயல்பான நேரம் 54 நிமிடம். நெட்வொர்க் கூட 4 நிமிடம் பொறுத்துப் பார்க்கும். அதற்குள் சத்தம் வரவில்லை என்றால் தேடுவதை நிறுத்திவிடும். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, அந்த போன் விடைபெற்றுப் போனதாகத் தானே எழுதிக்கொள்ளும். நிறுவனங்கள் இந்த நேரத்தை மாற்றி வைத்துக்கொள்ளலாம். பழைய 2ஜியில் 6 நிமிடத்தில் தொடங்கி 25 மணி 30 நிமிடம் வரைக்கும் வைக்க வழி இருந்தது.

இப்போ அதே ஆள், அதே ஷெட், அதே போன். மணி பன்னிரண்டு. வீட்டில் இருந்து மறுபடி கூப்பிடுகிறார்கள். இந்தத் தடவை அமைதி கிடையாது, தேடல் கிடையாது. உடனே அறிவிப்பு வருது. நெட்வொர்க்கின் கணக்கில் அந்த போன் இப்போ இல்லை. வேணும்னே ஆஃப் பண்ணினவரும், சிக்னல் இல்லாமல் இரண்டு மணி நேரம் வேலை செய்தவரும் அந்தக் கணக்கில் ஒரே மாதிரி தெரிவார்கள். எந்த நிலைக்கு எந்த வாசகத்தை ஒலிக்க விடுவது என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் முடிவு. அதனால் ஒருத்தருக்கு "ஸ்விட்ச் ஆஃப்" என்று வரும், இன்னொருத்தருக்கு "எல்லைக்கு வெளியே" என்றே வரும்.

வீட்டில் இருப்பவர் காதில் விழுவது என்ன? பத்தேகாலுக்கு "எல்லைக்கு வெளியே". பன்னிரண்டு மணிக்கு "ஸ்விட்ச் ஆஃப்". "நான் கூப்பிட்டதைப் பார்த்துட்டுத்தான் ஆஃப் பண்ணிட்டாரு" என்று தோன்றும். நடந்தது ஒரு டைமர் முடிஞ்சது, அவ்வளவுதான்.

விடிகாலையில் அவர் ஷெட்டை விட்டு வெளியே வந்ததும் போன் முதல் வேலையாக நெட்வொர்க்கில் பேர் கொடுக்கும். அவருக்கு எஸ்.எம்.எஸ் காத்திருக்கு என்ற குறிப்பும் கணக்கில் இருக்கும். உடனே எஸ்.எம்.எஸ் மையத்துக்குத் தகவல் போகும். அதனால்தான் கேட்டுக்கு வெளியே வந்த அடுத்த நிமிடம் எல்லாச் செய்தியும் மடமடவென்று வந்து விழுது.

பக்கத்துக் கட்டிலுக்கு பீகார் வழியாக

அடுத்து, வெளிமாநிலத் தொழிலாளர்கள். பீகாரில் வாங்கிய சிம்மோடு கும்மிடிப்பூண்டியில் வேலை பார்க்கும் ஒருத்தருக்கு அழைப்பு எப்படி வந்து சேருது?

ஒவ்வொரு சிம்முக்கும் ஒரு தாய்வீடு உண்டு. ஹெச்.எல்.ஆர் என்று சொல்லும் தலைமைப் பதிவேடு அங்கே இருக்கும். 4ஜியில் அதையே ஹெச்.எஸ்.எஸ் என்பார்கள். பீகார் சிம் கும்மிடிப்பூண்டியில் பேர் கொடுத்ததும், இங்குள்ள நெட்வொர்க் தாய்வீட்டுக்குத் தகவல் சொல்லும்: "உங்க ஆள் இப்போ என்கிட்ட இருக்கார்." தாய்வீட்டுக்கு அது போதும். எந்தத் தெரு, எந்த டவர் என்பது தேவையில்லை. யாரிடம் கேட்கணும் என்பதுதான் தேவை.

தர்பங்காவில் இருந்து அம்மா கூப்பிட்டால், அழைப்பு முதலில் தாய்வீட்டைக் கேட்கும். தாய்வீடு தமிழ்நாட்டைக் கேட்கும். தமிழ்நாட்டு நெட்வொர்க் ஒரு தற்காலிக நம்பரைக் கொடுக்கும். அந்த நம்பருக்கு அழைப்பு திரும்பி வரும். இங்கே தண்டோரா போட்டு ஆளைப் பிடிப்பார்கள். இவ்வளவும் நீங்க ரிங் சத்தம் கேட்பதற்கு முன்னால் முடிஞ்சுடும்.

இதில் ஒரு வேடிக்கை இருந்தது. 2ஜி, 3ஜி காலத்தில், அதே அறையில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர் தமிழ்நாட்டு சிம்மில் இருந்து அவரைக் கூப்பிட்டாலும், அழைப்பு பீகார் போய்த்தான் திரும்பி வரும். கூப்பிட்டவருக்கு எஸ்.டி.டி கட்டணம். திரும்பி வரும் பாதைக்குக் காசு கொடுத்தது யார் தெரியுமா? அழைப்பை எடுத்தவர். அதுதான் ரோமிங் இன்கமிங் கட்டணம். டிராய் அமைப்பு 2015 மே மாதத்தில் அதன் உச்சவரம்பை நிமிடத்துக்கு 75 பைசாவில் இருந்து 45 பைசாவாகக் குறைத்தது. பி.எஸ்.என்.எல் அதே ஆண்டு ஜூனில் ரோமிங் இன்கமிங்கை இலவசமாக்கியது. 2016 செப்டம்பரில் ஜியோ ரோமிங் கட்டணமே இல்லாமல் வந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் ஏர்டெல்லும் எடுத்துவிட்டது.

அதற்கு முன்னால், அம்மாவின் குரலைக் கேட்பதற்கே நிமிடக் கணக்கில் காசு. அதனால்தான் வந்த ஊரில் ஒரு சிம், சொந்த ஊர் சிம் ஒன்று, இரண்டு சிம் போடும் போன் என்று வாழ்க்கை ஓடியது.

ஆரம்பாக்கத்தில் எந்த மாநிலம்?

கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே எளாவூர், அதற்கு அடுத்து ஆரம்பாக்கம். அடுத்த ஸ்டேஷன் தடா, அது ஆந்திரா. மாநில எல்லையில் பலகை இருக்கு, செக்போஸ்ட் இருக்கு. ரேடியோ அலைக்குப் பலகை தெரியாது.

இந்தியாவில் தொலைபேசி உரிமம் வட்டம் வட்டமாகக் கொடுக்கப்பட்டது. அதனால் பெயர் ஒன்றாக இருந்தாலும், போனைப் பொறுத்தவரை வட்டம் மாறினால் வேற நெட்வொர்க். உதாரணமாக ஏர்டெல்லின் அடையாள எண் தமிழ்நாட்டில் 404-94, சென்னையில் 404-40, ஆந்திராவில் 404-49. எல்லையோரம் வீட்டுக்குள்ளே உட்கார்ந்திருக்கும்போதே, தடா பக்கத்து டவர் பலமாக இருந்தால் போன் அங்கே தாவலாம். ஆந்திராவுக்கு வரவேற்கிறோம் என்று ஒரு செய்தியும் வரும். திரும்பி வந்தாலும் போன் உடனே சொந்த நெட்வொர்க்கைப் பிடிக்கணும் என்று கட்டாயம் இல்லை. தாய்வீட்டு நெட்வொர்க் கிடைக்குதா என்று எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை தேடணும் என்பதை சிம்மிலேயே எழுதி வைத்திருப்பார்கள். 6 நிமிடத்தில் இருந்து 8 மணி நேரம் வரைக்கும் இருக்கலாம். எதுவும் எழுதவில்லை என்றால் 60 நிமிடம்.

ரோமிங்குக்குக் காசு இருந்த காலத்தில், சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எடுத்த அழைப்புக்கும் இப்படி ரோமிங் கட்டணம் விழ வாய்ப்பு இருந்தது. அதனால் எல்லையோரத்தில் போனின் செட்டிங்கில் போய், நெட்வொர்க்கைக் கையால் தேர்வு செய்து வைப்பது ஒரு தற்காப்பு. இன்றைக்கு அந்தக் காசு போச்சு. ஆனா இரண்டு நெட்வொர்க்குக்கும் நடுவில் போன் தாவிக்கொண்டே இருந்தால், பேட்டரி போகும். தாவும் அந்தச் சில வினாடியில் வரும் அழைப்பு தவறவும் செய்யும்.

"டவர் லொகேஷன் காட்டுது"

கடைசியா ஒரு விஷயம். சினிமாவில் போலீஸ் "டவர் லொகேஷனைப் பார்" என்றதும் மேப்பில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னும். நிஜத்தில், நீங்க பேசும்போது எந்த டவரின் எந்தப் பக்கம் உங்களைத் தாங்கியது என்பது அழைப்புப் பதிவில் எழுதப்படும். 2021 டிசம்பரில் வந்த மாற்றத்தின்படி, நிறுவனங்கள் இந்தப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்கணும்.

ஆனா டவர் இருக்கும் இடமும் நீங்க இருக்கும் இடமும் ஒன்றில்லை. ஊருக்கு வெளியே ஒரு டவரின் வீச்சு சில கிலோமீட்டர் போகும். ஆரம்பாக்கத்தில் நின்று பேசினவருடைய பதிவில் தடா டவர் வரலாம். அதை வச்சு "அன்னைக்கு நீ ஆந்திராவில்தான் இருந்தே" என்று யாராவது சொன்னால், அந்தப் பதிவு அவ்வளவு தூரம் சாட்சி சொல்லாது. விசாரணை செய்பவர்களும் சரி, வீட்டில் கேள்வி கேட்பவர்களும் சரி, இதைத் தெரிஞ்சுக்கணும்.

சரி, நாம என்ன செய்யலாம்? சிக்னல் இல்லாத ஷெட்டுக்குள்ளே எட்டு மணி நேரம் போறீங்கன்னா, போவதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு செய்தி போட்டுடுங்க. அப்புறம், சிக்னல் இருக்கும் இடத்திலேயே ஃபிளைட் மோட் போடுங்க. உள்ளே போய்ப் போட்டால் "போய்ட்டு வர்றேன்" வெளியே போகாது. முன்னாடியே போட்டால் நெட்வொர்க் வீணாகத் தேடாது. உங்க போனும் கிடைக்காத டவரைத் தேடித் தேடிப் பேட்டரியைத் தின்னாது. வெளியே வந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்க.

நீங்க கூப்பிடும் பக்கத்தில் இருந்தால், "ஸ்விட்ச் ஆஃப்" என்று கேட்டதும் கோபப்பட வேண்டாம். அந்தக் குரலுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கொஞ்ச நேரமாக அந்த போனிடம் இருந்து சத்தம் இல்லை. ஏன் என்று அதற்குத் தெரியாது. ஷிஃப்ட் முடியட்டும், அவரிடமே கேட்டுக்கலாம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.